மெற்றில்டா பூட்டிக்கொடுத்த இரும்புப் பல்லு

மலையேறுகிறவர்களின் கடையில் மெற்றில்டாவுக்குக் கிடைத்த முதல் வேலை நிலம் கூட்டுவது. லண்டன் ஹமர்ஸ்மித்தில், ரியூப் ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த கடை. மேல்தட்டில் மழை அங்கிகளும் கூடாரங்களும், கீழ்த்தட்டில் சப்பாத்தும் கயிறும் இரும்புச் சாமானும். எண்பத்தாறில் மன்னாரிலிருந்து புருசனோடு வந்து ஹவுன்ஸ்லோவில் ஒரு மேல்மாடி அறையில் குடியேறியவள், காலையில் கடையைக் கூட்டித் துடைத்துவிட்டுப் போய்விடுவாள். ஒரு மார்கழியில் கீழ்த்தட்டில் ஆள் போதாமல் போகவே, மனேஜர் கெய்த் அவளைக் கூப்பிட்டுச் சப்பாத்துப் பெட்டிகளை எடுத்துக்கொடுக்கச் சொன்னார். எடுத்துக்கொடுக்க வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

கிராம்போன் பூட்டப் பழக்கியதும் கெய்த்தான். உறைபனியில் வழுக்காமல் நடக்கச் சப்பாத்தின் அடியில் கட்டுகிற இரும்புச் சட்டம் அது. கூரான பற்கள் நிலத்தைப் பார்த்து நிற்கும். சிலதில் முன்னாலும் இரண்டு நீட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் அதைப் பற்றிப் பேசும்போது மெற்றில்டா இரும்புப் பல்லு என்றுதான் சொல்வாள். வார் கட்டுவதற்கு முன்பே சட்டம் சப்பாத்தை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். சப்பாத்தைத் தூக்கி உதறினாலும் விழக்கூடாது. விழுந்தால் நடுவிலுள்ள ஆணியைக் கழற்றி, நீளத்தை மாற்றி, மறுபடி பூட்ட வேண்டும். வளைகிற சப்பாத்துக்கு நடுவில் கீல் வைத்த சட்டம்; பலகை போல விறைத்த சப்பாத்துக்கு மட்டும்தான் குதியில் கொளுவி அடிக்கிற புது வகை. இதில் கெய்த் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. பனிமலைக்குச் சாமான் வாங்கிப்போன ஒருவரைப் பற்றி, அவர் திரும்பி வந்தாரா என்று ஒருபோதும் விசாரிக்க மாட்டார். வந்தவர் தானாகச் சொன்னால் கேட்பார். வராதவரைப் பற்றிக் கடையில் பேச்சே எழாது. முதல் இரண்டு வருடமும் மெற்றில்டாவுக்கு அது விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அதன்பிறகு அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு மார்கழி தொடங்கி, கடை முழுக்கச் சோடனை கட்டியிருந்த ஒரு பின்னேரம், முப்பது வயது மதிக்கத்தக்க தமிழ் ஆள் ஒருவன் கீழ்த்தட்டுக்கு இறங்கி வந்தான். பெற்றோல் நிலையத்தில் வேலை செய்கிறவர்கள் போடும் மேற்சட்டை. கிராம்போன்கள் தொங்கிய சுவருக்கு முன்னால் போய், ஒன்றையும் தொடாமல் நின்றான். அந்தக் கடைக்கு நம்மவர்கள் வருவதில்லை. வந்தாலும் பிள்ளையின் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு மழை அங்கி வாங்க மேல்தட்டோடு நின்றுவிடுவார்கள்.

"ஆருக்குத் தம்பி?" என்று கேட்டாள்.

தமிழைக் கேட்டதும் அவன் திடுக்கிட்டு, வந்த படியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "ரெண்டு பேருக்கு அக்கா. எனக்கும் வைஃபுக்கும்" என்றான்.

"ஸ்கொட்லாண்டுக்குப் போறியளோ?"

"இல்லை. இத்தாலிக்கு."

"சப்பாத்தைக் கொண்டுவாங்கோ. இது காலுக்குப் பூட்டுறதில்லை, சப்பாத்துக்குப் பூட்டுறது. சப்பாத்தைப் பாக்காமல் தர ஏலாது."

"சப்பாத்து இன்னும் வாங்கேல்லை" என்றான். சற்றுப் பொறுத்து, "வைஃப் அங்கதான் நிக்கிறா" என்றான்.

அவன் பெயர் அம்பலவாணன். செவன் கிங்ஸில் இருந்தான். மனைவி சிவனேஸ்வரியைக் கண்டு நாலு வருடத்துக்கு மேல். அவனுக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்திருந்தது. மனைவியைக் கூப்பிடும் உரிமை கிடைக்கவில்லை. அவளை, ஆட்களைக் களவாக எல்லை கடத்துகிற ஒரு ஏஜென்ற் மூலம் எடுப்பித்தான். வடக்கு இத்தாலியில் ஒரு வீட்டில் வேறு ஆட்களோடு அடைபட்டுக் கிடந்தாள். அவன் அங்கே போய், அவளோடு மலைக் கணவாய் ஒன்றைக் கால்நடையாகக் கடந்து பிரான்சுக்குள் இறங்க வேண்டும். இறங்கிவிட்டால் பாரிசில் அவளுடைய சித்தி இருந்தாள். போன கிழமை போன ஆட்கள் சப்பாத்துக்கு மேலே கம்பளிக் காலுறையை இழுத்துப் போட்டுக்கொண்டு நடந்தார்களாம். ஏஜென்ற் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தானாம்.

"அவையள் போய்ச் சேந்தினமோ?" என்று கேட்ட பிறகுதான், கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டதாக மெற்றில்டாவுக்குப் பட்டது.

"சேந்திருப்பினம்" என்றான் அம்பலவாணன். அதற்குமேல் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அன்றைக்கு அவள் ஒன்றும் விற்கவில்லை. மாரிக் குளிரில் மலைக்குப் போகிறவர்கள் கயிறு கொண்டுபோவார்கள், பனிக்கோடரி கொண்டுபோவார்கள், வருடக்கணக்காகப் பழகியிருப்பார்கள், அப்படிப்பட்டவர்களுக்கே நடக்கக்கூடாதது நடக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். வீட்டில் சோறு போடும்போது புருசன் யேசுரட்ணத்திடம் சொன்னாள். அவர் விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிற வேலை.

"உமக்கேன் அந்தக் கரைச்சல்?" என்றார் அவர். "எங்கட விசாவையே இன்னும் முழுசாத் தரேல்லை. ஆரேன் கேட்டால், நான் சப்பாத்துக் கடையில நிண்டனான் எண்டு சொல்லித் தப்பேலுமோ?"

"அவன் எப்பிடியும் போவான். அந்தப் பொம்பிளை ரப்பர்ச் சப்பாத்தோட நடப்பாள்."

யேசுரட்ணம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அவரும் கள்ளத்தோணியில் கடல் கடந்துதான் இந்தியாவுக்குப் போய் வந்தவர். போவது என்று தீர்மானித்தவனை யாரும் நிறுத்த முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டாம் முறை அம்பலவாணன் வந்தபோது மனைவியின் கால் அளவோடு வந்தான். போனில் கேட்டானாம். அந்த வீட்டில் அளவுகோல் இல்லை. தன் கையால் அளந்து, ஒரு சாணும் நாலு விரலும் என்று அவள் சொல்லியிருந்தாள். ஆருடைய சாண் என்பதில்தான் சிக்கல். "உங்கட உயரம்தான் இருப்பா அக்கா. கையும் இப்பிடித்தான்" என்றான், மெற்றில்டாவின் கையைப் பார்த்து. நாலு வருடத்துக்கு முன்பு பிடித்த கை. அவன் சொல்லும்போது அவ்வளவு உறுதியாகச் சொன்னான்.  இதை மட்டும் நம்பி ஒரு பெண் மலையில் கால் வைக்கப்போகிறாள் என்று மெற்றில்டா நினைத்தாள்.

தன் சாணை விரித்து அளந்து, இரண்டு கம்பளிக் காலுறைக்கு இடம் விட்டு, அவளுக்கு ஒரு சோடி தோல் சப்பாத்தைத் தெரிந்தெடுத்தாள்; அவனுக்கு அவன் காலுக்குப் பார்த்து ஒரு சோடி. அவனுக்குச் சுவரில் மின்னிக்கொண்டிருந்த புதுவகைக் கிராம்போனில்தான் கண். கையால் ஒரே அடியில் பூட்டலாம், வார் கட்டத் தேவையில்லை.

"அது விறைச்ச சப்பாத்துக்கு" என்றாள். "பழக்கமில்லாத ஆக்கள் அந்தச் சப்பாத்தோட நாள் முழுக்க நடக்க மாட்டினம். இந்தச் சப்பாத்து வளையும். வளையிற சப்பாத்தில அந்த இரும்பைப் பூட்டினால் இரும்பு வளையாது. பிறகு கழண்டுபோம்."

கீல் வைத்த பத்துப் பல்லுக் கிராம்போன் இரண்டு சோடியை இறக்கினாள். ஆணியைத் தளர்த்தி, நீளத்தைச் சரிபார்த்து, சப்பாத்தைக் கவிழ்த்து உதறினாள். முதலில் இடப்பக்கத்துச் சட்டம் விழுந்தது. மறுபடி இறுக்கி உதறினாள். நின்றது. வாரின் கொளுக்கி வெளிப்பக்கம் வரவேண்டும், உள்ளே வந்தால் மற்றக் காலில் மாட்டும் என்று காட்டினாள். மிஞ்சிய வாரை வெட்டி நுனியைத் தீயில் கருக்கினாள். பிறகு அவனைத் தடித்த கையுறையைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு பூட்டச் சொன்னாள். அவன் தடவித் தடவிப் பூட்டினான். கழற்றச் சொன்னாள். திரும்பவும் பூட்டச் சொன்னாள்.

"காலை அகட்டி வையுங்கோ. எல்லாப் பல்லும் ஒண்டாய் நிலத்தில இறங்க வேணும், பக்கவாட்டில வைக்கக் கூடாது. ஈரப்பனி அடியில கட்டியாய் ஒட்டும். தடியால தட்டிக்கொண்டு போகவேணும். ஏறேக்க விழுறது குறைவு. இறங்கேக்கதான் சனம் விழுறது."

அவன் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்கிறவன் போல உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். தூரத்தில் நின்ற கெய்த் கேட்டார், "எங்கே போகிறாராம்?"

"அல்ப்ஸ்" என்றாள் மெற்றில்டா. பொய்யில்லை.

நத்தார்ப் பெருநாளுக்கு அடுத்த கிழமை அவன் போனான். அந்தக் கிழமை அல்ப்ஸில் பனி கொட்டியதாக வானொலியில் சொன்னார்கள். கடைக்கு வந்த வாடிக்கையாளர்களுக்குப் பெரிய சந்தோசம். இப்படிப் பனி விழுந்து எத்தனை வருடம் என்று ஒருவரோடொருவர் பேசிக்கொண்டு பனிச்சறுக்குக் கண்ணாடி வாங்கினார்கள். மெற்றில்டா பெட்டிகளை மாறி மாறி எடுத்துக்கொடுத்தாள். ஒருவருக்கு இரண்டு இடக்காலைக் கொடுத்து அனுப்பிவிட்டு, படியில் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டியதாயிற்று. ஞாயிறு பூசையில் முழங்காலில் நின்றவளுக்கு வாயில் செபம் வரவில்லை. இடப்பக்கத்துச் சட்டம்தான் வந்து வந்து நின்றது. இரண்டாம் முறை உதறியது போதுமா?

தை மாதக் கடைசியில் அம்பலவாணன் படியிறங்கி வந்தான். மூக்கு நுனியில் தோல் கறுத்து உரிந்திருந்தது. அவளைக் கண்டதும், "சேந்திட்டம் அக்கா" என்றான். அவள் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து, பாரிசிலிருந்து லண்டனுக்கு வந்து சேர்ந்துவிட்ட சிவனேஸ்வரியே கடைக்கு வந்தாள், ஒரு பையில் வீட்டில் பொரித்த றோல்ஸ் கட்டிக்கொண்டு. மெற்றில்டாவின் கையைப் பிடித்துத் தன் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். சாண் சரியாகத்தான் இருந்தது. இருவரும் சிரித்தார்கள். எப்படி நடந்தார்கள் என்று அவள் சொன்னாள்: அவர்கள் இருவரும் முன்னால், இரும்புப் பல் போட்ட ஓட்டைகளில் கால் வைத்து மற்ற ஏழு பேர் பின்னால், இறக்கத்தில் அந்த ஏழு பேரும் தவழ்ந்து.

"எல்லாரும் உங்களைப் பற்றித்தான் கேட்டவை அக்கா. லண்டனில ஒரு அக்கா பூட்டித் தந்தவ எண்டு சொன்னனான். ஏஜென்றும் உங்கட பேரைக் கேட்டவர்."

அப்போது மெற்றில்டாவுக்கு அது சந்தோசமாகத்தான் இருந்தது.

அடுத்த கார்த்திகையில் ஒருவன் வந்தான். நல்ல கோட்டு, மிருதுவான பேச்சு. கடைக்குள் வந்த விதத்திலேயே, ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போனவன் என்று தெரிந்தது. தன் பெயர் சேகர் என்றான்.

"அம்பலவாணன் எங்கட ஆள்தான் அக்கா. அவரின்ர மனுசியை எடுப்பிச்சது நாங்கள்தான். நீங்கள் செய்த உதவியை மறக்கேலாது. இந்த மாரிக்கு எங்களுக்கு இருபது சோடி வேணும்."

"சப்பாத்து எங்கை?"

"சப்பாத்து அங்கை வாங்குவம். நீங்கள் பொதுவாய் ஒரு அளவில பூட்டித் தாங்கோ."

"அப்பிடி ஒரு அளவு இல்லைத் தம்பி."

அவன் சிரித்தான். "அதுகும் காரியமில்லை. முந்தி மாரியில நடக்கச் சனம் பயப்பிடும். வசந்தம் வரட்டும் எண்டு நிப்பினம். நிக்க நிக்க எங்களுக்கு வாடகை, பொலிஸ் தொல்லை. இப்ப, லண்டனில மெற்றில்டா அக்கா பூட்டிற சாமான் இருக்கெண்டு சொன்னால் சனம் தானாய் வெளிக்கிடுது."

மெற்றில்டாவுக்கு அப்போதுதான் விளங்கியது. தான் பார்த்திராத வீடுகளில், தனக்குத் தெரியாத ஆட்களிடம், தன் பெயர் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெயரை நம்பி அவர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நான் தரமாட்டன்" என்றாள்.

"உங்கட விருப்பம் அக்கா. நாங்கள் எப்பிடியும் நடப்பம்." போகும்போது படியில் நின்று திரும்பி, "அண்ணைக்கு இப்பவும் ரெர்மினல் மூண்டிலதானே வேலை?" என்று யேசுரட்ணத்தின் விமான நிலைய வேலையைக் குறித்துக் கேட்டுவிட்டுப் போனான்.

மார்கழியில் அம்பலவாணன் வந்தான். கையில் ஒரு சோடி பெண்கள் சப்பாத்து. சிவனேஸ்வரியின் தங்கை கனகாம்பிகை அந்த இத்தாலி வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டாள். சேகரின் அடுத்த கூட்டத்தில் அவளும் ஒருத்தி. இவளுக்கு மட்டும் பூட்டித் தாருங்கள் அக்கா என்றான்.

"அவளை நிக்கச் சொல்லுங்கோ. சித்திரை வைகாசி வரட்டும். பனி கரைஞ்சால் வெறும் சப்பாத்தோட நடக்கலாம்."

"அதுவரைக்கும் வைச்சிருக்க மாட்டாங்கள் அக்கா."

"நான் இதைப் பூட்டித் தந்தால் அவள் போவாள். அவளைப் பாத்து மற்றவையும் போவினம். ஒருத்தியின்ர காலில நல்ல சாமானைப் பாத்திட்டு, தங்கடையும் நல்லதெண்டு நினைப்பினம்."

"மற்றவையைப் பற்றி எனக்குத் தெரியாது. இவள் என்ர மனுசியின்ர தங்கச்சி."

மெற்றில்டா சப்பாத்தைத் திருப்பி அவனிடம் நீட்டினாள். கொடுக்காவிட்டால் அனுப்பமாட்டான் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். அவன் வாங்கிக்கொண்டு, போயிட்டு வாறன் என்று ஒரு சொல்லும் சொல்லாமல் போனான். அவன் முதுகு படியில் மறையும்வரை, கூப்பிடு, கூப்பிடு என்று ஏதோ ஒன்று அவளுக்குள் சொல்லிக்கொண்டேயிருந்தது. அவள் கூப்பிடவில்லை.

தை பிறந்து இரண்டாம் கிழமை கூட்டம் வெளிக்கிட்டது. சேகர் வேறெங்கோ கிராம்போன் வாங்கியிருந்தான். எல்லாம் ஒரே அளவு, எல்லாம் அந்தக் கொளுவி அடிக்கிற புதுவகை. வளைகிற சப்பாத்துகளில் அவற்றைக் கயிறு சுற்றிக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். ஏற்றம் முழுக்க அது நின்றதாம். இறக்கம் தொடங்கியதும் கனகாம்பிகையின் வலக்காலில் இரும்பு கழன்று, அவள் சரிவில் இழுபட்டுப்போய் ஒரு பாறையில் தடைப்பட்டாள். வழிகாட்டி மற்ற ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டான். பெனடிக்ற் என்ற ஒரு இளைஞன் மட்டும் அவளைத் தூக்கிவர இறங்கினான். அவனுடைய இரும்பும் கழன்றது. அவனைத் தடுக்கப் பாறை இருக்கவில்லை.

கனகாம்பிகையைப் பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உறைபனியில் செத்துப்போன வலப்பாதத்தில் பாதியை வெட்டவேண்டி வந்தது. பெனடிக்றை அந்த மாரியில் கண்டெடுக்க முடியவில்லை.

பெனடிக்ற் மன்னார்ப் பெடியன். அவனுடைய மாமன் ஹவுன்ஸ்லோவில் இருந்ததால் அவனுக்கான இரங்கல் பூசை அங்கேயே ஒப்புக்கொடுக்கப்பட்டது. மெற்றில்டா போனாள். சிவனேஸ்வரியும் வந்திருந்தாள். வெளியே, கோவில் வாசலில், தேத்தண்ணிக் கோப்பையோடு சனம் நிற்கையில் அவள் மெற்றில்டாவிடம் வந்தாள்.

"நீங்கள் பூட்டித் தந்திருந்தால் என்ர தங்கச்சிக்குக் கால் இருந்திருக்கும்."

"ஓம்" என்றாள் மெற்றில்டா.

"பிறகேன் தரேல்லை?"

"தராட்டி அனுப்பமாட்டினம் எண்டு நினைச்சன்."

சிவனேஸ்வரி அழுதாள். மெற்றில்டா அவளைத் தொடப் போனாள். அவள் விலகி நின்றாள். விலகினாலும் போய்விடவில்லை.

அந்த இடத்தில்தான் மெற்றில்டா தன் வாழ்க்கையில் ஒருபோதும் செய்யாததைச் செய்தாள். கோப்பையைச் சுவரில் வைத்துவிட்டு, கூடிநின்ற சனத்தைப் பார்த்துப் பேசினாள்.  தான் யார், எங்கே வேலை, தன் பெயரைச் சொல்லி ஆட்களை மாரியில் நடத்துகிறார்கள், எந்தச் சாமானைப் பூட்டினாலும் பழக்கமில்லாதவருக்கு அந்தக் கணவாய் மாரியில் மரணம் என்று சொன்னாள். "ஆருடைய ஆக்களாவது அங்க நிண்டால் வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. பனி கரையட்டும்."

 பின்னாலிருந்து ஒரு கிழவர், "விசா வைச்சிருக்கிறவைக்குச் சொல்லச் சுகம்" என்றார். கூட்டம் கலைந்தது. யேசுரட்ணம் அவளைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகையில், மேரிறோஸ் என்ற பெண் பின்னால் ஓடிவந்தாள். அவளுடைய தமக்கை அந்த இத்தாலி வீட்டில்தான் இருந்தாள்.

"அக்கா, அவளுக்கு எந்தச் சப்பாத்து வாங்கி அனுப்ப?"

மெற்றில்டா அவளை உற்றுப் பார்த்தாள். இவ்வளவு சொல்லியும் இதைத்தான் கேட்கிறாள். திட்ட வந்த வாயை அடக்கிக்கொண்டு, "அந்த வீட்டு நம்பர் இருக்கோ?" என்று கேட்டாள்.

அன்று பின்னேரமே போன் எடுத்தாள். எடுத்த ஆளிடம், தான்தான் லண்டன் மெற்றில்டா என்றாள். மறுமுனையில் "அக்கா பேசுறா, அக்கா" என்று ஆட்களைக் கூப்பிடும் சத்தம். அந்தச் சந்தோசக் குரல்கள்தான் அவளை வதைத்தன. ஒவ்வொருவரோடும் பேசினாள். பெனடிக்றுக்கு என்ன நடந்தது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவள் சொன்னாள்.

இரண்டு கிழமை கழித்து, மதிய வேளையில், கடைப் போனில் சேகர் வந்தான். அதே மிருதுவான பேச்சு.

"சனம் வெளிக்கிட மாட்டனெண்டு நிக்குது அக்கா. என்ன சொன்னனீங்கள்?"

"நடந்ததைச் சொன்னனான்."

"அண்ணை அதிகாலை ஷிப்டுக்கு இருட்டில தனியத்தானே போறவர்" என்றான்.  போனை வைத்துவிட்டான்.

யேசுரட்ணத்திடம் சொன்னாள். அவர் கோபிப்பார் என்று நினைத்தாள். அவர் ஷிப்டை மாற்றவும் இல்லை, அவளைப் பேசாமல் இரு என்று சொல்லவும் இல்லை. பக்கத்து வீட்டுச் சீக்கியரோடு சேர்ந்து ஒரே காரில் வேலைக்குப் போகத் தொடங்கினார். மாதக்கணக்காக, அவர் திரும்பி வந்து கதவில் சாவி போடும் சத்தம் கேட்கும்வரை மெற்றில்டாவால் ஒரு வாய் சாப்பிட முடியாமல் இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது என்று சொல்லவும் யாரும் இல்லை.

ஆனி மாதம் மேரிறோஸ் கோவிலில் வந்து சொன்னாள்: தமக்கை வெறும் சப்பாத்தோடு கணவாயைக் கடந்துவிட்டாளாம். வழி நெடுக மாடுகள் மேய்ந்துகொண்டு நின்றனவாம்.

"அந்த வீட்டில நிண்ட எல்லாரும் வந்திட்டினமோ?" என்று கேட்டாள் மெற்றில்டா.

மேரிறோஸ் கொஞ்சம் தயங்கினாள். இரண்டு பெடியங்கள் பொறுக்காமல் மாசியிலேயே தங்கள் பாட்டில் வெளிக்கிட்டுவிட்டார்களாம். பாரிசில் அவர்களை ஒருவரும் காணவில்லையாம்.

மெற்றில்டா அவர்களின் பெயரைக் கேட்டாள். தமக்கைக்குத் தெரியவில்லை என்றாள் மேரிறோஸ். வீட்டில் எல்லோரும் அவர்களைத் தம்பி தம்பி என்றுதான் கூப்பிட்டார்களாம்.